சீனியர்கள் நடத்திய பிளெண்டர் பட்டறை: மூவரின் அனுபவங்கள்

2019 ஆகஸ்டில், நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் மூவர் சனி, ஞாயிறு இரு நாள்கள் பிளெண்டர் என்னும் முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில் பட்டறை ஒன்றை நடத்தினார்கள். கட்டணம் ஐம்பது ரூபாய். தேநீரும் அதில் அடக்கம். பாடத்திட்டத்தில் கணினி வரைகலை இருந்தது உண்மைதான். ஆனால், ஆய்வகத்தில் நாங்கள் செய்ததெல்லாம் டர்போ சி என்னும் பழைய நிரலாக்க மென்பொருளில், புள்ளிபுள்ளியாகக் கோடு வரையும் பிரசன்ஹாம் முறைப்படி ஒரு கோட்டை வரைந்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குவதுதான். அந்த முறை 1962இல் ஐபிஎம் நிறுவனத்தில், தாளில் கோடு இழுக்கும் கருவி ஒன்றுக்காக உருவானது என்பதையே பட்டறையில்தான் அறிந்தேன்.

முதல் அரைமணி நேரம் பெருங்குழப்பம். அந்த ஜூலை மாத இறுதியில்தான் பிளெண்டர் 2.80 வெளிவந்திருந்தது. மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் அதை ஆர்வத்தோடு தரவிறக்கியிருந்தார்கள். ஆய்வகத்தின் பழைய கணினிகளோ, புதிய பதிப்புக்குத் தேவையான ஓபன்ஜிஎல் 3.3 என்னும் வரைகலை இடைமுகம் இல்லாத காரணத்தால், முந்தைய பதிப்பான 2.79ஐ மட்டுமே இயக்கின. மென்பொருளைத் திறந்ததும் திரையில் ஒரு கனசதுரம் நிற்கும். "கனசதுரத்தைத் தேர்ந்தெடுக்க வலது பொத்தானை அழுத்துங்கள்" என்று சீனியர் சொன்னதும் பாதிப்பேருக்குக் கனசதுரம் தேர்வாயிற்று. மீதிப்பேருக்கு ஒரு பட்டியல் விரிந்தது. புதிய பதிப்பில் தேர்வு இடது பொத்தானுக்கு மாறியிருந்ததும், அச்சடித்துத் தந்த குறிப்பு முழுவதும் பழைய பதிப்புக்கானது என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டன. அவர்கள் மழுப்பவில்லை. பதிப்புவாரியாக அறையை இரண்டாகப் பிரித்து உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டளையையும் இருமுறை சொன்னார்கள். காசு வாங்கிக் கற்பிக்கும் மையம் ஒன்றில் பின்னாளில் சேர்ந்தபோது, தவறை இப்படி ஒப்புக்கொள்ளும் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

*

மேலே எழுதியவர் நாற்காலியில் அமர்ந்து கண்டதை, நான் வேறொரு கல்லூரியில் கரும்பலகைக்கு முன்னால் நின்று கண்டேன். எங்கள் பட்டறையின் முதற்பயிற்சி, துள்ளும் பந்து. வினாடிக்கு 24 ஃபிரேம் (அசைவை உருவாக்கும் தனித்தனிப் படம்) என்று வைத்துக்கொண்டு, 1, 13, 25ஆம் ஃபிரேம்களில் முறையே மேல், தரை, மேல் எனக் கீஃபிரேம் இட்டால், அதாவது பந்தின் இடத்தைக் குறித்துவைத்தால், இடைப்பட்ட நிலைகளை மென்பொருளே நிரப்பிவிடும். எல்லாரும் இட்டார்கள். எல்லாருடைய பந்தும் தரையை நெருங்கும்போது வேகம் குறைந்து, தண்ணீருக்குள் இறங்குவதுபோல மெல்லத் தொட்டு, மெல்ல எழும்பியது. கீழே விழும் பந்து தரையைத் தொடும் கணத்தில்தான் மிக வேகமாக இருக்க வேண்டும். மென்பொருளோ, நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஒவ்வொரு கீஃபிரேமிலும் வேகத்தைத் தணித்துவிடுகிறது. அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் அதன் கைப்பிடிகளை, வளைவின்றி நேராக நீளும் வெக்டர் வகைக்கு மாற்றச் சொன்னேன். கிண்ணத்தின் அடிபோல் வளைந்திருந்த கோடு ஈட்டிமுனையாயிற்று, பந்தும் பந்தாயிற்று. இரண்டு மாதங்களுக்கு முன் இதே பந்தோடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டியிருந்ததால்தான் அதை என்னால் உடனே சொல்ல முடிந்தது.

ஆனால், "அந்த வளைகோடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?" என்று முதலாமாண்டு மாணவி ஒருவர் கேட்டபோது எனக்கு நா எழவில்லை. பொத்தான் தெரியும், கணக்குத் தெரியாது. கடைசி வரிசையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கணிதப் பேராசிரியர் எழுந்து வந்து, பெசியே வளைகோட்டை நான்கு புள்ளிகளில் வரைந்து காட்டினார். ரெனோ நிறுவனப் பொறியாளர் பியர் பெசியே கார்களின் உடலமைப்பை வரையப் பயன்படுத்திய கோடு அது என்றும் சொன்னார். மாணவர்களே நடத்தும் பட்டறையில் ஒரு பேராசிரியராவது பின்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து வற்புறுத்தி வருகிறேன்.

*

என் பங்குக்குச் சிறியதொரு சேதி. பட்டறை முடிவில் எங்கள் குழு பத்து வினாடிப் படம் செய்தது. 240 ஃபிரேம்கள், ஒன்றுக்கு நான்கு நிமிடம், ஆகப் பதினாறு மணி நேர ரெண்டர் (மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை). நேரடியாக வீடியோக் கோப்பாகவே சேமிக்கச் சொல்லிவிட்டு விடுதிக்குத் தூங்கப் போனோம். விடியற்காலை மின்சாரம் போயிற்று. கோப்பு திறக்கவே இல்லை. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனிப் படமாகச் சேமித்திருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். மறு ஆண்டு நாங்கள் நடத்திய பட்டறையில், கனசதுரத்துக்கும் முன்னால் கற்பித்தது இதைத்தான்.