சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனி: இரண்டு பதிவுகளின் வேறுபாட்டுக்கு நடத்துநர்தான் காரணமா?

மாலைக்கேட்பாளர் எழுதியது:

சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியை இரு வேறு இசைக்குழுக்களின் ஒலிப்பதிவுகளில் ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டு ஒப்பிட்டேன். இறுதிப் பகுதியின் தொடக்கத்தில் இறங்குமுகமாக வரும் அந்தப் புலம்பல் மெட்டு ஒரு பதிவில் முழுவதும் இடப்பக்கத்திலிருந்தே ஒலிக்கிறது. மற்றதில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடமும் வலமுமாக மாறுகிறது. இது ஒலிப்பதிவுப் பொறியாளரின் வேலையா, இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநரின் முடிவா? பொதுவாக ரொமான்டிக் காலச் (பத்தொன்பதாம் நூற்றாண்டுச்) சிம்பொனிகளில் நடத்துநரின் பங்கை எங்கே கவனித்துக் கேட்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வயோலாவரிசை எழுதியது:

நீங்கள் கேட்டது சரியே. இசைக்குழுவின் வயலின்காரர்கள் முதல் வயலின்கள், இரண்டாம் வயலின்கள் என இரு பிரிவாக அமர்வார்கள். அந்த மெட்டை இரு பிரிவினருமே முழுதாக வாசிப்பதில்லை. சாய்கோவ்ஸ்கி அதன் ஸ்வரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பிரிவினருக்கும் பகிர்ந்து எழுதியிருக்கிறார். ஒரு பிரிவினரின் வரியை மட்டும் தனியே வாசித்தால் தாவித் தாவிச் செல்லும் கோணலான ஓசைதான் கிடைக்கும். இரண்டும் சேரும்போதே கேட்பவர் காதில் மெட்டு உருவாகிறது. அதே மெட்டு பின்னர் திரும்பி வரும்போது அதனை முதல் வயலின்களிடமே முழுமையாக ஒப்படைத்துவிடுகிறார் என்பதால், தொடக்கத்தில் பிரித்தது திட்டமிட்ட செயல் என்றே நான் கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் வயலின்களை நடத்துநரின் வலப்பக்கத்தில், முதல் வயலின்களுக்கு எதிரே அமர்த்துவது பரவலான வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் பல இசைக்குழுக்கள் இரு பிரிவுகளையும் இடப்பக்கத்தில் அடுத்தடுத்து அமர்த்தத் தொடங்கின. அடுத்தடுத்து இருந்தால் ஒருவரையொருவர் கேட்டு ஒன்றாக வாசிப்பது எளிது என்பது உண்மைதான். ஆனால் இந்த இடத்தில் அந்த வசதிக்காகச் சாய்கோவ்ஸ்கியின் எண்ணத்தையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்த அமர்வுமுறை என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் நடத்துநரே. ஆகவே உங்கள் இரு பதிவுகளின் வேறுபாடு, கோல் உயர்வதற்கு முன்பே, நாற்காலிகளை அடுக்கியபோதே தொடங்கிவிட்டது.

ஏட்டுச்சுவடு எழுதியது:

அதற்கும் முந்தைய முடிவு ஒன்று உண்டு. எந்தப் பதிப்பை வாசிப்பது என்பதே அது. ப்ரூக்னரின் ஏழாம் சிம்பொனியின் மெதுவான பகுதியில், உச்சக்கட்டத்தில் சிம்பல் என்னும் பெரிய உலோகத் தாளம் ஒருமுறை மோதி ஒலிக்க வேண்டுமா, கூடாதா என்பது இன்னமும் ஓயாத வழக்கு. கையெழுத்துப் பிரதியில் அந்தத் தாள வாத்தியங்கள் தனியாக ஒட்டப்பட்ட ஒரு தாளில் இருக்கின்றன. அதன்மேல் ‘செல்லாது’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். பதிப்பாசிரியர் ஹாஸின் பதிப்பு சிம்பலை நீக்குகிறது; 1954இல் வந்த, மற்றொரு பதிப்பாசிரியரான நோவாக்கின் பதிப்பு சேர்க்கிறது. என் காதுக்குச் சிம்பல் வேண்டும்.

நான்காம்இருக்கை எழுதியது:

மேலே சொன்னவை சரியானவையே எனினும், நடத்துநரின் தனித்தன்மையை நான் தேடுவது வேகமும் கனமும் மாறும் இடங்களில்தான். பிராம்ஸ் தம் நான்கு சிம்பொனிகளுக்கும் வேகத்தை எண்ணால் குறிக்கும் மெட்ரோனோம் எண்களை விட்டுச் செல்லவில்லை என்பதால், காலப்பிரமாணத்தைச் சொற்குறிப்புகளிலிருந்தும் இசையின் போக்கிலிருந்தும் நடத்துநரே ஊகித்தாக வேண்டும். 1876இல் அரங்கேறிய அவருடைய முதல் சிம்பொனியின் இறுதிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை மூன்று பகுதிகளிலும் வாய் திறக்காதிருந்த டிராம்போன்கள் அங்கே ஒரு தோத்திரம்போன்ற மெட்டை மெல்ல வாசிக்கின்றன. முடிவை நோக்கி இசை விரையும்போது அதே மெட்டு முழு இசைக்குழுவின் பலத்தோடு திரும்புகிறது. அவ்விடத்தில் வேகத்தைக் குறைக்கும்படி பிராம்ஸ் எழுதவில்லை. இருந்தும் பல நடத்துநர்கள் கம்பீரத்துக்காக வெகுவாகக் குறைத்து, மீண்டும் விரைவுபடுத்துகிறார்கள். நிறுத்தாமல் ஓட்டிச் செல்பவர்களின் பதிவுகளையே நான் விரும்புகிறேன்.

கனத்தைப் பொறுத்தவரை எண்ணிக்கையும் முக்கியம். பிராம்ஸின் நான்காம் சிம்பொனியை 1885இல் ஜெர்மனியின் மைனிங்கன் நகரில் அரங்கேற்றிய இசைக்குழுவில் ஏறத்தாழ 50 பேரே இருந்தார்கள். இன்றைய பெரிய இசைக்குழுக்களில் தந்தி வாத்தியக்காரர்கள் மட்டுமே ஐந்து பிரிவுகளாக 16, 14, 12, 10, 8 என்ற கணக்கில் 60 பேர்வரை அமர்கிறார்கள். இரண்டே புல்லாங்குழலும் இரண்டே ஓபோவும் இவர்களுக்கு நடுவே மூழ்கிவிடாதபடி தந்திகளை அடக்குவது ஒத்திகை அறையில் நடக்கும் பொறுமையான வேலை. அது நன்றாக நடந்திருந்தால் அரங்கில் யாருக்கும் தெரியாது.

ஆனாலும் எல்லாவற்றையும் நடத்துநரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1933க்குப் பிறகு நிரந்தரத் தலைமை நடத்துநரே இல்லாமல் இயங்குகிறது. அதன் தனி வகை ஓபோவும் ஹார்னும் எந்த விருந்தினர் வந்து நடத்தினாலும் தங்கள் நிறத்தைக் காட்டிவிடும்.

மாலைக்கேட்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இடம் வலமாக மாறிக் கேட்ட பதிவின் காணொளியைத் தேடிப் பார்த்தேன். இரண்டாம் வயலின்கள் வலப்பக்கத்தில்தான் இருக்கிறார்கள். இதே சிம்பொனியில் இத்தகைய வேறு இடம் ஏதேனும் உண்டா?

வயோலாவரிசை எழுதியது:

முதல் பகுதியின் நடுவே கிளாரினெட் தேய்ந்து இறங்கும் இடத்தைக் கேளுங்கள். அதன் கடைசி ஸ்வரங்களைச் சாய்கோவ்ஸ்கி தாழ்சுருதிக் குழல் வாத்தியமான பஸூனுக்கு, மென்மையைக் குறிக்கும் ‘பி’ எழுத்தை ஆறுமுறை இட்டு எழுதியிருக்கிறார். பஸூனில் அவ்வளவு மென்மையாக ஊதுவது கடினம் என்பதால் பல நடத்துநர்கள் அதைப் பாஸ் கிளாரினெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். உங்கள் இரு பதிவுகளிலும் எது ஒலிக்கிறது என்று பாருங்கள். ஹெட்ஃபோனின் ஒலியை மட்டும் அங்கே கூட்டிவிடாதீர்கள். அடுத்த நொடியே முழு இசைக்குழுவும் வெடித்தெழும்.