1500 வாட் ஹீட்டர் ராடு, 5.6 ஆம்பியர் இழுக்கிறது: ரெசிஸ்டன்ஸ் 35 ஓமா, 40 ஓமா?

அணைக்கட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் அப்பா அம்மாவுக்குத் தனியாக ஒரு ரூம் கட்டியிருக்கிறோம், மெயின் போர்டிலிருந்து 60 மீட்டர் இருக்கும், 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் பைப்பில் போகிறது. மார்கழிக் குளிருக்கு அங்கே ராடு போட்டுத்தான் குளிக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கெட் சூடாவதற்குள் பொறுமை போய்விடுகிறது. மீட்டர் வாங்கி அளந்தேன். ராடு போடாதபோது பிளக்கில் 226 வோல்ட், ராடு போட்டதும் 198. கரண்ட் 5.6 ஆம்பியர். ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சடித்திருக்கிறது. 226-ஐ 5.6-ஆல் வகுத்தால் 40.4 ஓம் வருகிறது, 198-ஐ வகுத்தால் 35.4. கடைக்காரர் 40 வந்தால் ராடு வீக், புதுசு வாங்கு என்கிறார். எது சரி? உண்மையில் இப்போது எத்தனை வாட் எடுக்கிறது?

காட்பாடி ஜங்ஷன்:
தம்பி, ராடை மாற்றாதீர்கள், அது நல்ல ராடு. ஓம் விதியில் (வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்) வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். கரண்ட் ஓடாதபோது எடுத்த 226-ஐயும், ஓடும்போது எடுத்த 5.6-ஐயும் சேர்த்து வகுத்தால் அது ராடின் கணக்கு ஆகாது. ராடுக்கு 198 ÷ 5.6 = 35.4 ஓம்தான். அச்சடித்த கணக்கையும் பாருங்கள்: 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 35.3. இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும்?

வாட் கணக்கு, 198 × 5.6 = 1109. வோல்ட் 230-இலிருந்து 14 சதவீதம் குறைந்ததற்கு வாட் 26 சதவீதம் குறைந்திருக்கிறது, ஏனென்றால் வோல்ட் குறைந்தால் கரண்டும் கூடவே குறையும், இரண்டு பக்கமும் அடி. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற 1500 வாட்டில் பதினேழு நிமிடம் போதும், 1109-இல் இருபத்து நான்கு ஆகும், பக்கெட்டில் ஆறிப்போவது தனி.

அந்த 40.4-உம் வீண் இல்லை. ராடு, 60 மீட்டர் ஒயர், நடுவில் உள்ள ஜாயின்ட், தெருவிலிருந்து வரும் லைன் எல்லாம் சேர்ந்த மொத்தம் அது. ராடின் 35.4 போக மீதி 5 ஓம் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும். ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டு மெயினில் எத்தனை வோல்ட் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அணைக்கட்டுக்காரன்:
பார்த்தேன் அண்ணா, மெயினில் 222.

காட்பாடி ஜங்ஷன்:
சரி, தெரு லைனில் குறைவது 4 வோல்ட்தான், அதை விடுங்கள். மெயினுக்கும் பிளக்குக்கும் நடுவில் 24 வோல்ட் போகிறது. 24 ÷ 5.6 = 4.3 ஓம். 1 ஸ்கொயர் எம்எம் காப்பருக்குக் கிலோமீட்டருக்கு 18 ஓம் போல வரும், போக 60, வர 60, மொத்தம் 120 மீட்டருக்கு 2.2 ஓம்தான் இருக்க வேண்டும். மீதி 2.1 ஓம் ஒயரே இல்லை, ஏதோ ஒரு லூஸ் ஜாயின்ட். எனக்குக் கவலை இதில்தான்: 5.6 × 5.6 × 2.1 = 66 வாட். ஒயரில் இழக்கும் வாட் 60 மீட்டருக்கும் பரவிவிடும், இது ஒரே இடத்தில், டேப்புக்குள் விரல் நீள முறுக்கில் எரிகிறது. அதைச் சரிசெய்யும் வரை அந்த பிளக்கில் ராடு போட வேண்டாம் என்று அப்பா அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

குடியாத்தம் வயரிங்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளப்பது) ஒரே ஒரு ஒயர் மேல் மாட்ட வேண்டும், இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். மல்டிமீட்டரில் ஓம் பார்க்கும்போது ராடை பிளக்கிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். ராடின் நிக்ரோம் கம்பி சூட்டில் அதிகம் மாறாது, அதனால் குளிர்ந்த நிலையிலும் 35-ஐ ஒட்டித்தான் காட்டும். குண்டு பல்பில் இது நடக்காது, 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், அணைத்துவிட்டு அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

வாலாஜா விவசாயி:
இதே கணக்கை மோட்டாருக்குப் போடலாமா சார்? வீட்டு அரை எச்பி 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுக்கிறது, 690 வாட் என்று எழுதிக்கொள்ளலாமா?

காட்பாடி ஜங்ஷன்:
கூடாது சார். அது 690 விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் இல்லை. மோட்டார் காயிலில் கரண்ட் வோல்ட்டேஜுக்குப் பின்தங்கி வரும், அதனால் பவர் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். 0.8 என்று வைத்தால் 552 வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் என்று எழுதுவதும் தப்பு. இன்னொன்று, லோ வோல்டேஜில் ராடு கரண்டைக் குறைத்துக்கொள்ளும், மோட்டாரோ லோடை இழுக்க இன்னும் அதிகமாக எடுத்துச் சூடாகும். வோல்ட் இறங்கும் நேரத்தில் மோட்டார் போடாதீர்கள்.

அணைக்கட்டுக்காரன்:
அண்ணா, பைப் வளைவில் ஒரு ஜாயின்ட், டேப் கருகிப் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டேன். ஒயரையே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன், 2.5 ஸ்கொயர் எம்எம் போதுமா, 4 போடணுமா?

காட்பாடி ஜங்ஷன்:
நல்ல வேளை. 2.5-க்கு 120 மீட்டரில் 0.9 ஓம், அதாவது 5 வோல்ட்தான் போகும், ராடுக்கு 216-க்கு மேல் கிடைத்து 1300 வாட்டைத் தாண்டும். 4 போட்டால் அதைவிட 25 வாட் போல கூடும், அவ்வளவுதான். ராடு மட்டும் என்றால் 2.5 போதும். பின்னாடி கீசர், கிரைண்டர் எல்லாம் அங்கே வரும் என்றால் 4. எதுவானாலும் நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக இழுங்கள், எர்த் ஒயரும் சேர்த்து, மெயினில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) இல்லை என்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். ராடை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.