எல்லை மூடி, படகு அக்கரையில்: குளிர்கால வேலையை யாரிடம் விடுவது?

ஏரிக்கரையான் | 2020 ஒக்டோபர் 19

கொரோனாவுக்காகப் போட்ட கனடா-அமெரிக்க எல்லைத் தடையை நவம்பர் 21 வரை நீட்டிவிட்டார்கள். மார்ச் 21இல் ஒரு மாதத்துக்கென்று தொடங்கியது, மாதாமாதம் இப்படியே போகிறது.

என் 24 அடிப் படகு ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில், நியூயோர்க் மாநிலப் பக்கம் ஒரு படகுத்துறையில் நிற்கிறது. போன வருடம் அங்கேயே வாங்கினேன். தரிப்பிட வாடகை இங்கே கனடாவில் கேட்பதைவிடக் குறைவு, அதனால் அங்கேயே விட்டேன். மே மாதம் ஒப்பந்தப்படி அவர்களே தண்ணீரில் இறக்கி, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, தரிப்பிடத்தில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அது அங்கே ஆடிக்கொண்டு நிற்கிறது, நான் இங்கே படம் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மாத முடிவில் கரைக்குத் தூக்கப் போகிறார்களாம். உள்ளே தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்காமல் காக்கும் குளிர்கால வேலையை நீ செய்கிறாயா, நாங்கள் செய்வதா என்று கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. வெளி மெக்கானிக்கை உள்ளே விடமாட்டார்கள். எஞ்சின் மெர்குரூசர் 5.7 லீற்றர் வி8, ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர வைக்கும் வகை. அந்தத் துறைப் பையன்கள் ஒரு வாளி பிங்க் ஆன்டிஃப்ரீஸை (உறைவதைத் தடுக்கும் திரவம்) எஞ்சின் உறிஞ்ச விட்டு, பின்னால் நிறம் வந்ததும் முடிந்தது என்று போய்விடுவதைப் போன வருடம் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் என்னுடையதை நானே செய்தேன்.

தரைவழியாகப் போக முடியாது. விமானத்துக்குத் தடையில்லை. பறந்து போய், வேலையை முடித்து, திரும்பி வந்து 14 நாள் வீட்டில் அடைந்து கிடக்கலாம். அல்லது காசைக் கட்டி அவர்களிடமே விடலாம். என்ன சொல்கிறீர்கள்?

மார்க்கம்_மாறன்

போய்விட்டு வாருங்கள் அண்ணா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டிலிருந்துதானே வேலை செய்கிறீர்கள். அடைந்து கிடப்பதால் உங்களுக்கு ஒரு நாள் சம்பளம்கூடப் போகாது. பிளொக், அதுதான் எஞ்சினின் இரும்பு உடம்பு, வெடித்தால் எஞ்சினே போச்சு.

இன்னொன்று. போனதும் போனீர்கள், படகை இந்தப் பக்கம் ஓட்டி வந்துவிடுங்களேன். ஐம்பது அறுபது கிலோமீற்றர் இருக்குமா? காலநிலை நல்ல நாளாகப் பார்த்தால் மூன்று மணி நேரம். கனடாக் குடிமகனை நாட்டுக்குள் விடமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த வருடமும் எல்லை திறக்கும் என்று எழுதித் தருவார் யாருமில்லை.

மல்லிகை_ஸ்காபரோ

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். ஏப்ரல் 22இல் இருந்து ஒரே இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்று ஒன்டாரியோ மாகாணம் உத்தரவு போட்டது. என்னைப்போல இரண்டு இடத்தில் ஓடி உழைத்தவர்களுக்கு ஒரு வருமானம் அப்படியே நின்றது. சரி, பெரியவர்களின் உயிர் என்று ஏற்றுக்கொண்டோம். இந்த மாதம் 10ஆம் திகதியிலிருந்து ரொறன்ரோவிலும் பக்கத்துப் பீல் வட்டாரத்திலும் உணவகத்துக்குள் இருந்து சாப்பிட முடியாது. கடைக்காரர்கள் அதையும் தாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

என் அக்கா பஃபலோவில் இருக்கிறா. காரில் இரண்டு மணி நேரத் தூரம். மார்ச்சிலிருந்து முகம் பார்க்கவில்லை. விமானம் ஓடுகிறது என்பது எங்களுக்கும் தெரியும், போகாமல்தான் இருக்கிறோம். இங்கே ஒருவர் உல்லாசப் படகின் எஞ்சினுக்குத் தண்ணீர் வடிக்க விமானம் ஏறலாமா என்று கேட்கிறார், இன்னொருவர் அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார். அத்தியாவசியம் என்றால் என்னவென்று உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

மார்க்கம்_மாறன்

அக்கா, உங்கள் வேலையைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கோபத்தையும் ஆபத்தையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். அவர் போகப்போவது திறந்தவெளிப் படகுத்துறைக்கு. ஒற்றை ஆளாக எஞ்சின் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கப் போகிறார். சனிக்கிழமை ஸ்காபரோ மரக்கறிக் கடை வரிசையில் நிற்பது இதைவிட மோசம். திரும்பி வந்தால் 14 நாள் வெளியே வரவே மாட்டார். சட்டம் இடம் விட்டிருக்கிறது, சட்டத்துக்குள் நிற்கிறார். பிறகு எதற்குக் குற்றவாளிக் கூண்டு?

மல்லிகை_ஸ்காபரோ

படகுத்துறை திறந்தவெளிதான். விமானநிலையம்? விமானம்? அங்கே தங்கும் அறை? வீட்டில் மனைவி பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டீர்களா? தனிமைப்படுத்தல் சட்டத்தை மீறினால் 750,000 டொலர் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை என்று எழுதி வைத்திருப்பது விளையாட்டுக்கு இல்லை. முடியும் என்பதும் செய்யலாம் என்பதும் ஒன்றில்லைத் தம்பி.

வேலணை_வள்ளம்

அறத்தை நீங்கள் இரண்டு பேரும் கதையுங்கள். நான் எஞ்சினைப் பற்றிக் கதைக்கிறேன்.

முதலில் ஏரியைக் கடக்கிற யோசனை. மாறன் தம்பி, ஒக்டோபர் கடைசியில் ஒன்டாரியோ ஏரியில் மேற்கு, வடமேற்குக் காற்று எழும்பினால் 24 அடிப் படகுக்கு அது ஏரி இல்லை, கடல். மே மாதத்துக்குப் பிறகு ஓடாத எஞ்சின், ஆறு மாதம் பழைய பெற்றோல். ஒற்றை ஆள், நடு ஏரியில் எஞ்சின் நின்றால் என்ன செய்வார்? விழுந்தால் அந்தத் தண்ணீரின் குளிரில் சில நிமிடத்தில் கை விரல் வேலை செய்யாது. படகில் வந்து இறங்கி அறிவிக்கும் இடங்களையும் எல்லைத்துறை இந்த வருடம் குறைத்துவிட்டது. வந்து சேர்ந்தாலும் இந்தக் காலத்தில் எந்தத் துறை உங்களைத் தூக்கி இடம் கொடுக்கும்? எல்லாரும் இந்தக் கோடையில் படகு வாங்கி, நிறுத்த இடமில்லாமல் திரிகிறார்கள். அந்தக் கதையை விடுங்கள்.

இனி ஆன்டிஃப்ரீஸ். ஏரிக்கரையான் பயப்படுவதில் நியாயம் உண்டு. எஞ்சின் சூடானால்தான் திறக்கும் வால்வு தெர்மோஸ்டாட், குளிர்ந்த எஞ்சினில் அது மூடியிருக்கும். வாளியிலிருந்து உறிஞ்சும் பிங்க் தண்ணீரில் பெரும்பகுதி பிளொக்குக்குள் போகாது, சுற்றி வந்து எக்ஸோஸ்ட் (புகை போகும் வழி) வழியே வெளியே போய்விடும். பின்னால் நிறம் தெரியும், உள்ளே ஏரித் தண்ணீர் அப்படியே நிற்கும். எஞ்சினைச் சூடாக்கித் தெர்மோஸ்டாட்டைத் திறக்க வைத்தாலும் உள்ளே இருக்கிற தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போகும். கலனில் மைனஸ் 50 என்று போட்டிருக்கிறதே, அது முதலில் பாரன்ஹீட். இரண்டாவது, அது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு, உறையாத அளவு இல்லை. தண்ணீர் கலக்காமலே செல்சியஸில் மைனஸ் 10ஐ ஒட்டிக் கூழாகத் தொடங்கிவிடும். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 வீதம் விரிகிறது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும்.

அதனால் வழி ஒன்றுதான். முதலில் வடிக்க வேண்டும். பிளொக்கின் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் பிளக், எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் இரண்டிலும் உள்ள பிளக், தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின் பெரிய குழாய், எல்லாவற்றையும் திறக்க வேண்டும். பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வராவிட்டால் காலி என்று நினைக்கக் கூடாது. துரு அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் குத்தினால் பிறகுதான் கொட்டும். வடித்த பிறகு ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவது கூடுதல் காப்பு.

ஆனால் இதைச் செய்ய நீங்கள்தான் போக வேண்டும் என்றில்லை. யாரிடம் என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

கணக்குப்பிள்ளை

நான் இன்சூரன்ஸ் தரகர், சென்னையிலிருந்து வந்து மிசிசாகாவில் இருக்கிறேன். யாரும் தொடாத ஒரு விஷயம் சொல்கிறேன்.

பல படகு பாலிசிகளில் உறைபனிச் சேதத்துக்குக் காப்பு கிடையாது. சிலவற்றில், குளிர்கால வேலையைத் தொழில்முறைப் பட்டறை செய்து ரசீது கொடுத்திருந்தால் மட்டும் தருவார்கள். நீங்களே செய்து, ஒரு பிளக்கை மறந்து, பிளாக் வெடித்தால் அது உங்கள் தலையில். பட்டறை செய்து வெடித்தால் கேட்பதற்கு ஓர் ஆளாவது இருக்கிறார். அதனால் "நானே போய்ச் செய்தால்தான் பத்திரம்" என்பது பண விஷயத்தில் உண்மையில்லை.

படகை எந்தத் தேதிக்குள் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும். அதையும் பாருங்கள். தேதி தாண்டி மிதந்துகொண்டிருந்தால் வேறு சேதத்துக்கும் கைவிரிப்பார்கள். எல்லை மூடியிருந்தது என்ற காரணத்தை எல்லா நிறுவனமும் ஏற்கும் என்று நம்ப வேண்டாம். இப்போதே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏரிக்கரையான்

மல்லிகை அக்கா, வீட்டில் மாமியார் இருக்கிறா, வயது எழுபதுக்கு மேல். தனியறை, தனிக் குளியலறை என்று சமாளிக்கலாம்தான். ஆனால் நீங்கள் கேட்டதும் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவ ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமை எனக்குப் புரிந்தது.

வேலணை அண்ணை, தூக்குகிற திகதி தள்ளிப் போய் அதற்கு முன் ஓர் இரவு உறைபனி விழுந்தால்?

வேலணை_வள்ளம்

தண்ணீரில் நிற்கும்வரை பெரிய பயம் வேண்டாம். ஏரித் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, அது அடித்தளத்தைச் சூடாக வைத்திருக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் பூச்சியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு பாகை போனால் இரும்பு உடனே பிளக்காது. ஆபத்து கரைக்குத் தூக்கிய பிறகுதான். நான்கு பக்கமும் காற்று, கீழே சூடு தர எதுவும் இல்லை. தூக்கிய அன்றே வடிக்கச் சொல்லுங்கள். "வரிசையில் இருக்கிறது, அடுத்த வாரம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தூக்குவதும் வடிப்பதும் ஒரே நாள் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

கழற்றிய பிளக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டச் சொல்லுங்கள். வசந்தத்தில் திரும்பப் பூட்டினால் போதும். டிரைவில், அதுதான் படகின் பின்னால் தண்ணீருக்குள் நிற்கும் உந்து பகுதியில், உள்ள கீழ்க் கியர் எண்ணெயை வடிக்கும்போது அதன் நிறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பால் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அதை அப்படியே விட்டால் டிரைவின் கூடு வெடிக்கும். டிரைவைக் கீழே இறக்கியே வைக்க வேண்டும், தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்கும். பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் போட்ட பிறகு பத்து நிமிடமாவது எஞ்சின் ஓட வேண்டும், தாங்கியில் ஊற்றிவிட்டு மூடினால் கார்பரேட்டருக்கோ இன்ஜெக்டருக்கோ போய்ச் சேராது. இதை வடிப்பதற்கு முன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் தண்ணீர் ஏறும். பட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கழற்றி வைத்தால் இந்த ஊர்க் குளிர் அதை ஒன்றும் செய்யாது. சார்ஜ் இறங்கிய பட்டரிதான் உறையும். படகின் அடிப் பிளக்கும் திறந்தே இருக்க வேண்டும்.

உறைக்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். வெறும் தார்ப்பாயை நீங்கள் போய் இழுத்துக் கட்ட முடியாத வருடம் இது. காற்றோட்டத் துளையோடு ஷ்ரிங்க்ராப் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) போட்டுவிடுங்கள்.

மார்க்கம்_மாறன்

அண்ணை சொல்வதெல்லாம் சரி, செய்யப்போவது யார்? இரண்டு வாரத்தில் துறை முழுவதையும் தூக்க வேண்டும், அங்கே கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி அவசரம் நடக்கும். அதற்குள் ஒரு பையன் கம்பியை விட்டுத் துருவைக் குத்திக்கொண்டு நிற்பானா? "முடிந்தது" என்று ரசீது வரும், ஏப்ரலில் பிளொக்கில் கோடு தெரியும். அப்போது யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள், கணக்குப்பிள்ளை சொன்ன பாலிசியும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டும். நானாக இருந்தால் போவேன்.

மல்லிகை_ஸ்காபரோ

போவீர்கள், தெரியும். உங்களைப்போல ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பதால்தான் எல்லையை மூட வேண்டி வந்தது.

ஏரிக்கரையான், ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். அக்காவின் கணவர் பஃபலோவில்தான் லொறி மெக்கானிக். வெளி மெக்கானிக்கை விடமாட்டார்கள் என்றீர்கள். உங்கள் சார்பில் பார்வையாளராகக் கை கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க விடுவார்களா? கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் நான் அத்தானிடம் கதைக்கிறேன்.

ஏரிக்கரையான் | 2020 ஒக்டோபர் 22

துறை மேலாளரிடம் தொலைபேசியில் கதைத்தேன். கருவியைத் தொடக் கூடாது, முகக்கவசம் போட வேண்டும், அவ்வளவுதானாம். தூக்குகிற அன்றே வடிப்பதற்கும் சம்மதித்தார், அவசர வேலை என்று கூடுதலாக 150 அமெரிக்க டொலர் கேட்டார். வாங்கிக்கொள்ளட்டும், விமானச் சீட்டைவிடக் குறைவு. இன்சூரன்ஸுக்கும் எழுதிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. மல்லிகை அக்கா, அத்தானின் நேரத்துக்குக் காசு கொடுப்பேன், வேண்டாம் என்று சொல்ல வேண்டாம்.

மாறன், கோபம் வேண்டாம். படகைப் பற்றி நீங்கள் பயந்தது சரி. ஆனால் நான் போகவில்லை.

மார்க்கம்_மாறன்

கோபமில்லை அண்ணா. லொறி மெக்கானிக் என்றால் டீசல் எஞ்சின் பார்த்த ஆள், படகு எஞ்சினில் எது எங்கே என்று தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

வேலணை_வள்ளம்

வி8 வி8தான். ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்புங்கள். வலப்பக்கப் பிளக் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், அவசரத்தில் விட்டுவிடுவது அதைத்தான். பையில் பிளக்கை எண்ணும்போது பிளொக்குக்கு இரண்டு, மனிஃபோல்டுக்கு இரண்டு. மூன்றுதான் இருந்தால் அத்தான் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.