பொடுதலைத் தரை: ஓரம் செழிக்கிறது, நடுவில் வட்டமாகக் காய்கிறது. என்ன செய்யலாம்?

தரைப்பச்சை (கேள்வி):
புல்லுக்குப் பதிலாகப் பொடுதலை போட்டு நான்காவது மாதம். சுமார் 20 சதுர மீட்டர், களிமண். ஓரமெல்லாம் பாய் விரித்த மாதிரி அடர்த்தி. நடுவில் மட்டும் இரண்டு மூன்று இடங்களில் வட்டமாகக் காய்கிறது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. மரத்தடியில் தண்டு நீண்டு, இலை குறைந்து, மண் தெரிகிறது. தினமும் மாலையில் தண்ணீர், மாதத்துக்கு ஒருமுறை யூரியா. இதுவரை வெட்டவில்லை. காய்ந்த இடத்தில் மறுபடி நடலாமா?

வேர்பார்:
இப்போது நடாதீர்கள். காரணம் தெரியாமல் நட்டால் புதுத் தண்டும் அதே வழியில் போகும்.

வட்டத்தின் நடுவில் பார்த்துப் பயனில்லை, அது செத்துப்போன இடம். பச்சையும் பழுப்பும் சேரும் விளிம்பில், வெயில் ஏறும் முன் தண்டுகளை விலக்கிப் பாருங்கள். தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்து, மண்மேல் கடுகளவு பழுப்பு மணிகள் கிடந்தால் அது ஸ்கிளிரோஷியம் பூஞ்சை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகமாகப் பரவும். மாலைத் தண்ணீர் இரவெல்லாம் இலைக்கடியில் தங்குவது அதற்கு ரொம்ப வசதி. யூரியாவால் வந்த இளந்தண்டு சீக்கிரம் அழுகும்.

அப்படியென்றால் வட்டத்துக்கு வெளியே இன்னும் 30 செ.மீ. வரை செடியை வெட்டி, மேல்மண்ணையும் 5 செ.மீ. சுரண்டி எடுத்துவிடுங்கள். எருக்குழியில் போடக் கூடாது. அந்த மணிகள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்வெட்டியையும் கழுவுங்கள். ஒரு கிலோ மட்கிய எருவுக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து, ஈரமாக நிழலில் ஒரு வாரம் வைத்து, அந்த இடத்தில் தூவிக் கிளறுங்கள்.

நூலும் மணியும் இல்லையென்றால் ஒரு செடியைத் தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். பயறு வகை வேரில் முடிச்சு இயல்பு, ஆனால் பொடுதலை பயறு வகை அல்ல. அதன் வேரில் வீங்கிய முடிச்சுகள் இருந்தால் அநேகமாக நூற்புழுதான், வேருக்குள் புகும் கண்ணுக்குத் தெரியாத புழு. சதுர மீட்டருக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலக்கலாம். தாக்குதல் அதிகமென்றால் அந்தப் பகுதியை முழுதும் எடுத்துவிட்டு, செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு மூன்று மாதம் வளரவிட்டு, பிறகு பொடுதலைக்கு வாருங்கள்.

மண்வாகு:
மரத்தடிப் பிரச்சினை வேறு, அது வெயில் போதாமை. நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் இல்லாத இடத்தில் பொடுதலை அடர்த்தியாகாது. எரு போட்டாலும் தண்டுதான் நீளும். கீழ்க்கிளையைக் கழித்துப் பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதிக்கு நிழல் தாங்கும் வேறு செடிதான்.

தண்ணீர்: தினமும் விடுவது முதல் இரண்டு வாரத்துக்குத்தான், கணுவில் வேர் பிடிக்கும் வரை. வேரூன்றிய தரைக்கு, அதுவும் களிமண்ணில், வாரம் ஒருமுறை ஆழமாக, காலையில் விட்டால் போதும். விரலை 5 செ.மீ. மண்ணுக்குள் விட்டு ஈரம் தட்டினால் அன்று விட வேண்டாம். யூரியா வேண்டவே வேண்டாம், வருடம் ஒருமுறை மெல்லிய படலமாக மட்கு தூவினால் போதும்.

மறுநடவுக்கு ஓரத்திலுள்ள நல்ல தண்டையே எடுக்கலாம், ஆனால் வட்டத்துக்குத் தள்ளி இருப்பதாகப் பார்த்து. 10 முதல் 15 செ.மீ. துண்டு, நான்கு கணு இருக்கட்டும். இரண்டு கணு மண்ணுக்குள், 25 செ.மீ. இடைவெளி. மண்ணை இறுக அழுத்துங்கள், கணு மண்ணைத் தொடாவிட்டால் வேர் வராது. இடைவெளி மூடும் வரை கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மேலே இழுத்தால் கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும். பொடுதலை மூடிய பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

தரைப்பச்சை:
விளிம்பில் வெள்ளை நூலும் மணியும் இருக்கின்றன. நீங்கள் சொன்னபடி எடுத்துவிடுகிறேன். இன்னொன்று: குழந்தைகள் வெறுங்காலில் விளையாடுவார்கள், பூவில் தேனீ நிறைய வருகிறது.

மண்வாகு:
விளையாடும் பகுதியை மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 5 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள், பூத்தலை போய்விடும். மீதியைத் தேனீக்கு விட்டுவிடுங்கள். நோய் நிற்கும் வரை வெட்டும் கருவியை வட்டங்கள் பக்கம் கொண்டுபோக வேண்டாம், மணிகள் அதில் ஒட்டி மற்ற இடத்துக்கும் போகும்.

வெட்டிய தண்டை வாய்க்கால் ஓரம் கொட்டாதீர்கள். ஒரு கணு ஈரத்தில் விழுந்தாலே பிழைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆறுகளின் வெள்ளச் சமவெளியில் இதன் நெருங்கிய இனமான ஃபைலா கேனசென்ஸ் பெரிய களையாகவே பரவியிருக்கிறது. வெயிலில் சருகாகக் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.