காது மடல் வச்ச தவளைத் தொப்பி: அளவு பெரிசாகுது, மடல் சுருளுது, கண் சாயுது. எங்கே தப்பு?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். நாலு வயசுக் குழந்தைக்குக் குளிர்காலத் தொப்பி. தவளை முகம், ரெண்டு பக்கமும் காது மடல். தலைச் சுற்றளவு 50 செ.மீ. நடுத்தரத் தடிமன் அக்ரிலிக் நூல், 5 மி.மீ. குரோஷா ஊசி, முழுக்க அரை டபுள் (அமெரிக்க முறை; குட்டையான சிங்கிளுக்கும் உயரமான டபுளுக்கும் நடுவுல வர்ற தையல்). மேஜிக் ரிங்ல (நடுத் துளையை இழுத்து மூடுற ஆரம்ப வளையம்) 8 போட்டு, சுற்றுக்கு 8 கூட்டி, எட்டாவது சுற்றுல 64. அதுக்கப்புறம் கூட்டாம 19 சுற்று வரைக்கும் போயாச்சு.

சிக்கல் மூணு. தொப்பிச் சுற்றளவு 49 செ.மீ. வருது, புருவத்தைத் தாண்டிக் கண்ணு மேல இறங்குது. மடலுக்கு 13 ஸ்டிச் எடுத்து, முன்னும் பின்னும் 19, 19 விட்டிருக்கு. மடல் கன்னத்துப் பக்கம் நிக்குது, ஓரமும் உள்ளே சுருளுது. தவளைக் கண்ணுக்கு முழு உருண்டை பின்னி, பஞ்சு அடைச்சு, வாயை மூடித் தச்சிருக்கு. ரெண்டும் முன்னால தொங்குது. முழுக்கப் பிரிக்கணுமா?

சுற்றுக்கணக்கு:
முழுக்கப் பிரிக்க வேண்டாம். முதல்ல அளவைப் பார்ப்போம், மற்ற ரெண்டும் அதைச் சார்ந்துதான் இருக்கு.

64 ஸ்டிச் 49 செ.மீ. வந்தா 10 செ.மீ.க்கு 13 ஸ்டிச்னு அர்த்தம். 64 ஸ்டிச் கணக்கு 10 செ.மீ.க்கு 14 வர்ற அளவுக்கு இறுக்கமா பின்னுற கைக்குத்தான் சரி. அவங்களுக்கு 46 செ.மீ.க்குள்ள நிக்கும். ஒரே ஒரு ஸ்டிச் வித்தியாசம் மொத்தத்துல 3 செ.மீ.க்கு மேல இழுத்துடும். குரோஷா தொப்பி தலையைவிட 3 முதல் 4 செ.மீ. சின்னதா இருக்கணும், அப்பத்தான் இழுத்துப் பிடிக்கும். 50 தலைக்கு 46, 47 போதும். தலைக்குச் சமமா பின்னினா ஒரு வாரத்துல இளகிடும்.

வழி ரெண்டு. ஒண்ணு, 4.5 மி.மீ. ஊசிக்கு மாறி 14 ஸ்டிச் வருதான்னு சின்னச் சதுரம் போட்டுப் பார்த்துட்டு அதே 64ஐப் பின்னுறது. பின்னல் நெருக்கமா வரும், காத்தும் குறைவா நுழையும். எனக்குப் பிடிச்சது இதுதான், ஆனா இதுக்கு மட்டும் அடியிலேர்ந்து ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, ஏழாவது சுற்று வரைக்கும் பிரிச்சா போதும். அங்கே 56 இருக்கும். எட்டாவது சுற்றுல 8 கூட்டாம 4 மட்டும் கூட்டுங்க: 13 சாதாரணமா போட்டு அடுத்ததுல ரெண்டு, இப்படி நாலு தடவை. 60 ஸ்டிச். உங்க கைக்கு 46 செ.மீ. சரியா வரும்.

இன்னொரு சோதனை. கூட்டுறதை நிறுத்துற இடத்துல வட்டத்தைத் தட்டையா வச்சுக் குறுக்கே அளந்து 3.14ஆல் பெருக்குங்க. அதுதான் தொப்பியோட சுற்றளவு. 46 வேணும்னா குறுக்களவு 14.5 செ.மீ.க்குப் பக்கத்துல இருக்கணும். இந்த இடத்துலயே தெரிஞ்சுட்டா கீழே பதினோரு சுற்று வீணாகாது.

சுற்று ஆரம்பத்துல போடுற 2 சங்கிலியை ஸ்டிச்சா எண்ணாதீங்க. முதல் அரை டபுள் இணைச்ச அதே ஸ்டிச்சுல விழணும். கடைசியில சுற்றை இணைக்கப் போடுற ஸ்லிப் ஸ்டிச்சைத் தெரியாம ஸ்டிச்னு நினைச்சு அதுலயும் பின்னினா சுற்றுக்கு ஒண்ணு கூடிக்கிட்டே போகும். எதுக்கும் 19ஆவது சுற்றை ஒரு தடவை எண்ணிடுங்க.

கம்பளிப்பூச்சி:
மடலுக்கு வர்றேன். முன்னும் பின்னும் சமமா 19 விட்டதுதான் காரணம். காது தலையோட சரிபாதியில இல்லை, கொஞ்சம் பின்னால தள்ளி இருக்கு. அதனால முன்பக்கம் அகலமாவும் பின்பக்கம் குறுகலாவும் விடணும். 64க்கு: பின் 14, மடல் 13, முன் 24, மடல் 13. 60க்கு: பின் 14, மடல் 12, முன் 22, மடல் 12.

இணைப்புக் கோடு பின் நடுவுல வர்ற மாதிரி வச்சுக்கிட்டு, 60க்கு எண்ணினா 7 விடு, 12 மடல், 22 விடு, 12 மடல், கடைசி 7. எண்ணும்போதே நாலு இடத்துல மார்க்கர் மாட்டிடுங்க. மாட்டினதும் குழந்தை தலையில போட்டுப் பார்த்தா இன்னும் நல்லது. காது துவாரம் மடலோட நடுவுக்கு நேரா வரணும்.

மடல் இப்படி: 3 வரிசை 12, 12, 12. அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் ரெண்டு முனையிலும் ஒண்ணு குறைச்சு 10, 8, 6, 4. மொத்தம் ஏழு வரிசை, ஆறரை ஏழு செ.மீ. நீளம். முதல் வரிசையிலேயே குறைக்க ஆரம்பிச்சா மடல் முக்கோணமா ஆகிக் காதோட கீழ்ப்பகுதி வெளியே தெரியும். அந்த மூணு நேர் வரிசையை விடாதீங்க.

சுருளுறதுக்குக் காரணம் பெரும்பாலும் கரைப் பின்னல். அரை டபுள் வரிசையோட உயரம் ஒரு சிங்கிளோட அகலத்தைவிட அதிகம். மடலோட பக்கவாட்டுல வரிசைக்கு ஒரு சிங்கிள்னு போட்டா கரை குட்டையாகி மடலை உள்ளே இழுக்கும். வரிசைக்கு ரெண்டு போட்டா அலை அலையா விரியும். 2 வரிசைக்கு 3 சிங்கிள்தான் கணக்கு. ஏழு வரிசைக்குப் பக்கத்துக்கு 10 அல்லது 11. அடி முனை ரெண்டு மூலையிலும் ஒரே ஸ்டிச்சுல 3 போடுங்க. மடலும் தொப்பியும் சேர்ற உள்மூலையில மட்டும் ரெண்டு சிங்கிளை ஒண்ணாச் சேர்த்துக் குறைச்சுடுங்க, இல்லேன்னா அந்த இடம் புடைச்சு நிக்கும்.

அப்பவும் லேசா சுருண்டா, இதே அளவுல இன்னொரு மடல் வெள்ளை நூல்ல பின்னி உள்பக்கம் வச்சு, ரெண்டையும் சேர்த்துக் கரை போடுங்க. ரெட்டை மடல் சுருளாது, காதும் சூடா இருக்கும். அக்ரிலிக் மேல இஸ்திரிப் பெட்டியைத் தொட வச்சு நேராக்கப் பார்க்காதீங்க. நூல் உருகித் தொளதொளன்னு ஆயிடும், அதைத் திருப்ப முடியாது.

பொத்தான்கண்:
கண் தொங்குறதுக்குப் பஞ்சு குறைவுன்னு நினைச்சு மேலும் அடைச்சா இன்னும் மோசமாகும், கனம்தான் கூடும். உருண்டையை மூடித் தச்சதால அது தொப்பியை ஒரு புள்ளியில மட்டும் தொடுது. அந்தப் புள்ளிதான் கழுத்து, அங்கேதான் மடங்குது. உருண்டையை மூடாதீங்க. கிண்ணமா விட்டு, முழு வாயையும் தொப்பியோட சேர்த்துத் தையுங்க.

4 மி.மீ. ஊசி, பச்சை நூல், சிங்கிள்: 6, 12, 18, 24. அப்புறம் மூணு சுற்று 24. அங்கேயே நிறுத்திட்டு 40 செ.மீ. நூல் வால் விட்டு வெட்டுங்க. வாய் குறுக்களவு சுமார் 4 செ.மீ. வரும். விழிக்குத் தனி வட்டம்: முதல் சுற்று கறுப்புல 6, வெள்ளைக்கு மாறி 12, 18. இதைக் கிண்ணத்தோட முன்முகத்துல தச்சு முடிச்சுட்டுத்தான் கிண்ணத்தைத் தொப்பியில வைக்கணும். நேர் முன்னால இல்லாம துளி வெளிப்பக்கமா திரும்பியிருந்தா முகம் கலகலப்பா இருக்கும். உள்பக்கம் திரும்பினா மாறுகண் மாதிரி ஆயிடும்.

இடம்: கிண்ணத்தோட மேல் ஓரம் நாலாவது சுற்றிலும் கீழ் ஓரம் எட்டு ஒன்பதாவது சுற்றிலும் வரணும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 2.5 செ.மீ. அதைவிடக் கீழே இறக்கினா நெற்றியில இழுபடுற பகுதிக்கு வந்துடும், போட்டதும் கண் தட்டையாகும். முக்கால்வாசி தச்சதும் பஞ்சை லேசா நிரப்பி மீதியை மூடுங்க. அமுக்கினா திரும்ப எழணும், கல்லு மாதிரி இருக்கக்கூடாது.

நடு எதுன்னு உச்சியில கூட்டின கோடுகளை வச்சு முடிவு பண்ணாதீங்க. இணைச்சுப் பின்னும்போது கோடு சுற்றுக்குச் சுற்று சாஞ்சுக்கிட்டே வரும். 19 சுற்று கீழே வரும்போது நல்லாவே நகர்ந்திருக்கும். மடல் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுத் தொப்பியை மடிங்க. முன்னால விழுற மடிப்புதான் முகத்தோட நடு. தலை அளவுக்கு ஊதின பலூன்ல மாட்டிட்டுக் குண்டூசி குத்தினா இன்னும் துல்லியம்.

வாய் 15, 16ஆவது சுற்றுக்கு நடுவுல, கரும்பச்சையில மேற்பரப்பு ஸ்லிப் ஸ்டிச் (பின்னல் மேலேயே கோடு மாதிரி ஓடுற தையல்), சுமார் 18 ஸ்டிச் அகலம், முனை ரெண்டும் ஒரு சுற்று மேலே ஏறட்டும். இதுக்கு 5.5 ஊசி எடுங்க. இறுக்கிப் போட்டா அந்தச் சுற்று மட்டும் இழுபடாம தொப்பி தலையில ஏறாது.

நூல்கண்டு:
60 வழியே எடுத்துக்கிறேன். ரெண்டு சந்தேகம். ஃப்ளீஸ் லைனிங் வைக்கணும்னா கண் தச்ச பிறகா, முன்னாடியா? அப்புறம் மடல் நுனியில சடை எவ்வளவு நீளம்?

கம்பளிப்பூச்சி:
கண், வாய் எல்லாம் முடிச்சு, நூல் வால்களை உள்ளே சொருகிட்டுத்தான் லைனிங். முன்னாடியே வச்சா ஒவ்வொரு தையலும் ஃப்ளீஸையும் சேர்த்துப் பிடிச்சு, இழுபடவே விடாது. காதைச் சுத்தி மட்டும் 9 செ.மீ. உயரப் பட்டை போதும். ஃப்ளீஸ் எந்தப் பக்கம் அதிகம் இழுபடுதோ அந்தப் பக்கம் தலையைச் சுத்தி வரணும். தொப்பி ஓரத்துக்கு 1 செ.மீ. மேலே, நூலை இறுக்காம, கைத் தையல்ல பிடிங்க. ஊசி பின்னலோட பின்பக்க இழையை மட்டும் எடுத்தா முன்னால எதுவும் தெரியாது.

சடைக்கு மடலுக்கு 6 இழை, ஒவ்வொண்ணும் 70 செ.மீ. நுனி வழியா நுழைச்சுப் பாதியா மடிச்சா 12 இழை, நாலு நாலாப் பின்னினா 25 செ.மீ. கிட்ட வரும். ஆனா ஓடி ஆடுற வயசு. சடை எதுலயாவது மாட்டிக் கழுத்தை இறுக்கலாம். அதனால தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுற மாதிரி வேண்டாம். 8 செ.மீ. குட்டிக் குஞ்சமா விடுங்க. அளவு 46ல நின்னா கட்டாமலே தொப்பி நிக்கும்.