பழைய மாஸி 1035: பின் ரிம் அரித்துவிட்டது, டயர் 12.4-28 போடவா, 13.6-28 போடவா?

டெல்டா உழவன்:
1980களில் வந்த மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர். பின்னால் 12.4-28 டயர். பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) மொத்தமும் தேய்ந்து, சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) வெடிப்பு விட்டிருக்கிறது. இரண்டு ரிம்மிலும் வால்வு துளையைச் சுற்றித் துரு. ஒன்றில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ரிம்மில் டபிள்யூ10-28 என்று அச்சு இருக்கிறது. வேலை: அரை கேஜ்வீல் (டயரோடு சேர்த்து மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு, கோடையில் ஒன்பது கொழு கலப்பை, அறுப்பு நேரத்தில் நெல் மூட்டை ட்ரெய்லர்.

டயர் கடையில் "13.6 போடுங்க, இதே ரிம்முக்கு ஏறும், இழுவை கூடும்" என்கிறார்கள். போடலாமா? ரிம்மை ஒட்டுப் போட்டு ஓட்டலாமா, புதிது வாங்கணுமா? எடைக்காகப் பழையபடி டயருக்குள் தண்ணீர் நிரப்பணுமா?

பட்டறை நாற்காலி:
ஏறும் என்பது உண்மைதான். இரண்டுக்கும் ரிம் விட்டம் 28 அங்குலம்தான், லீவர் போட்டால் எதுவும் ஏறும். பார்க்க வேண்டியது அகலம்; டபிள்யூவுக்குப் பின் வரும் எண் ரிம்மின் உள் அகலம், அங்குலத்தில். 13.6-க்குச் சரியான ரிம் டபிள்யூ12, குறைந்தபட்சம் டபிள்யூ11. 12.4-க்குச் சரியானது டபிள்யூ11, டபிள்யூ10-உம் ஒத்துக்கொள்ளும். உங்கள் ரிம் டபிள்யூ10. அதில் 13.6 போட்டால் இரண்டு பக்கச் சைடுவாலும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி மேடாகிவிடும். தரையில் நடு பட்டன்தான் முதலில் உட்காரும், ஓரப் பட்டன் சும்மா வரும். அகல டயருக்குக் காசு கொடுத்து, குறுகின டயரின் பிடிப்பை வாங்குகிறீர்கள். ட்ரெய்லரோடு வளைவில் திரும்பும்போது டயர் பக்கவாட்டில் ஆடுவதும் சேர்ந்துகொள்ளும்.

ரிம்மில் உள்ள அச்செழுத்தை மட்டும் நம்பாதீர்கள். இவ்வளவு பழைய வண்டியில் ஒரு பக்க ரிம்மை யாராவது மாற்றியிருக்கலாம். டயரைக் கழற்றியதும் ஒரு விளிம்பின் உள்முகத்திலிருந்து மறு விளிம்பின் உள்முகம் வரை டேப் வையுங்கள். 254 மி.மீ. வந்தால் டபிள்யூ10, 279 வந்தால் டபிள்யூ11. விளிம்பின் வெளிப்பக்கம் அளந்தால் அங்குலக் கணக்கில் கூடுதலாகக் காட்டும். தப்பான டயர் வாங்குவதற்கு முக்கால்வாசி காரணம் அந்த அளவுதான்.

எப்படியும் ரிம் மாற்றப் போகிறீர்கள் என்றால் டபிள்யூ11 வாங்குங்கள். 12.4-க்குக் கச்சிதம், பின்னாளில் 13.6 வேண்டுமென்றாலும் ரிம்மைத் தொட வேண்டாம்.

பழைய டயரில் 11-28 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், 12.4-28-இன் பழைய பெயர் அது. 13.6-28-க்குப் பழைய பெயர் 12-28. ரேடியல் பட்டியலில் இவையே 320/85 ஆர்28, 340/85 ஆர்28 என்று வரும்.

துருப்பிடிச்ச நட்டு:
ரிம் விஷயம். வால்வு துளையைச் சுற்றி மட்டும் அரிப்பு, மற்ற இடத்தில் சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது என்றால், அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு அதே தடிமன் தகடு வைத்து வெல்டு செய்யலாம். உள்பக்க வெல்டைக் கிரைண்டரால் ட்யூபில் உரசாத அளவுக்கு மழுங்கத் தேய்க்கணும். ஆனால் டயரின் பீடு (ரிம்மில் பொருந்தும் உள்விளிம்பு) உட்காரும் இடமோ விளிம்போ தகடு மெலிந்திருந்தால் ஒட்டு வேலையே வேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

முக்கியம்: டயர் மாட்டிய நிலையில் ரிம்மில் வெல்டு வைக்கவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் சரி. சூட்டில் உள்ளே ரப்பரிலிருந்து கிளம்பும் வாயு தீப்பற்றி டயர் வெடிக்கும். ஆள் போன சம்பவங்கள் உண்டு.

இந்த வண்டியில் ரிம்மும் டிஸ்க்கும் (ரிம்மை அச்சோடு இணைக்கும் நடுத்தட்டு) தனித்தனி. டிஸ்க் நன்றாக இருந்தால் ரிம் மட்டும் வாங்கினால் போதும். ரிம்மின் உள்வட்டத்தில் வெல்டு செய்த காதுகள் எத்தனை, காதுக்குக் காது இடைவெளி எவ்வளவு, போல்ட் துளை என்ன அளவு, ரிம் அகலத்தின் நடுவிலிருந்து காது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நான்கையும் குறித்துக்கொண்டு போங்கள். கடைசி அளவு மாறினால் இரண்டு சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியே மாறிவிடும். டிஸ்க்கும் வாங்குவதாக இருந்தால் ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனையில்) 8 துளை, எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. போல்ட் துளை முட்டை வடிவமாக நீண்டிருக்கும் பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள். எவ்வளவு இறுக்கினாலும் நட்டு கழன்றுகொண்டே இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் ரிம் என்றால் வண்டியில் மாட்டிச் சுற்றி, ஓரத்தில் ஒரு கம்பியை நிலையாகப் பிடித்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் திருப்பிக் கொடுங்கள்.

மேலமடை:
கேஜ்வீலை யாரும் சொல்லவில்லையே. 13.6 டயர் விட்டம் சுமார் 1310 மி.மீ., 12.4 சுமார் 1260. பின் ஆக்ஸில் தரையிலிருந்து கிட்டத்தட்ட 25 மி.மீ. உயரும், கேஜ்வீலும் கூடவே உயரும். 12.4-க்குச் செய்த அரை கேஜ்வீல் அந்த அளவுக்குச் சேற்றைக் கடிக்காது. டயரை மாற்றினால் கேஜ்வீலையும் மாற்றணும். தவிர ஒவ்வொரு கியரிலும் வேகம் 4 சதவீதம் கூடும், இழுவிசை அதே அளவு குறையும். "இழுவை கூடும்" என்றது வறண்ட வயலில் வழுக்கல் குறைவதால். இன்ஜினுக்கு வலு கூடுவதில்லை. உங்கள் வேலைக்கு 12.4 போதும் என்பது என் கட்சி.

டெல்டா உழவன்:
சரி, டபிள்யூ11 ரிம், 12.4-28 டயர் என்று முடிவு செய்துவிட்டேன். 8 பிளையா, 12 பிளையா (டயரின் பலத்தைக் காட்டும் அடுக்கு எண்)? ஒரு டயர் மட்டும் இப்போது, இன்னொன்று அடுத்த பட்டத்துக்கு என்று வாங்கலாமா? ரீபட்டன் டயர் (தேய்ந்த டயரில் புது பட்டன் ஒட்டியது)?

பட்டறை நாற்காலி:
ட்ரெய்லர் இருப்பதால் 12 பிளை. உழவு மட்டும் என்றால் 8 பிளை மெத்தென்று தரையோடு படியும், அதுவே மேல்.

ஜோடியாகத்தான் மாற்றணும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் நேராகப் போகும்போதும் டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) ஓயாமல் வேலை செய்யும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சைடுவாலில் நான்கு இலக்க எண் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அருகருகே தேதி. ரீபட்டன் ட்ரெய்லர் டயருக்குச் சரி. சைடுவால் வெடித்த டயருக்கு ரீபட்டன் போடுவது வீண்.

ட்யூபும் புதிது. பழைய ட்யூப் நீண்டு போயிருக்கும், உள்ளே மடிந்து அந்த மடிப்பிலேயே அறுபடும். காற்றும் தண்ணீரும் ஏற்றும் வால்வு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது: முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, பின் அச்சின் கீழ் ஜாக்கி, ஜாக்கி ஏறியதும் மரக்கட்டையில் இறக்குங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ரிம்மைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் டயர். பீடுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும்; கிரீஸும் டீசலும் ரப்பரைத் தின்னும், பீடை ரிம்மில் வழுக்கவும் வைக்கும். அப்படி வழுக்கினால் ட்யூப் வால்வோடு பிய்ந்துவிடும். பீடு உட்கார 35 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்றாதீர்கள். உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புப் போட்டு முயற்சி செய்யுங்கள். உட்கார்ந்ததும் காற்றை முழுக்க இறக்கி மறுபடி ஏற்றினால் ட்யூப் மடிப்பு பிரிந்துவிடும். டயரில் பீடை ஒட்டி ஓடும் கோடு ரிம் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கணும். கடைசியில் வயலுக்கு 12 முதல் 14 பிஎஸ்ஐ, ட்ரெய்லருக்கு 18 முதல் 20.

துருப்பிடிச்ச நட்டு:
தண்ணீர்: வால்வை உச்சியில் நிறுத்தி, வால்வு மட்டத்துக்கு நிரப்பினால் முக்கால்வாசி. 12.4-28-இல் ஒரு டயருக்குச் சுமார் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. நம் ஊரில் உறைபனி கிடையாது, தண்ணீர் உறையாமலிருக்கச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு உப்பு எதுவும் கலக்க வேண்டாம். உங்கள் ரிம் வால்வு துளையிலிருந்து அரித்ததே அங்கே தண்ணீர் கசிந்ததால்தான் இருக்கணும். வால்வு நட்டை இறுக்கி, மூடி போட்டு வையுங்கள். சேற்றுழவுக்கு முன் தண்ணீரை இறக்கிவிடுங்கள். அந்த எடை வண்டியைப் புதைக்கும்.

இன்னொன்று. பட்டன் 'வி' வடிவம்: பின்னால் நின்று பார்த்தால் 'வி'யின் முனை மேலே பார்க்கணும். சைடுவாலில் அம்புக்குறியும் இருக்கும். சக்கர இடைவெளியை மாற்ற ஒரே பக்கத்தில் சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் 'வி' தலைகீழாகிவிடும். இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் மாட்டணும். ஒரு மணி நேரம் ஓட்டியதும் ஹப் நட்டு, காது போல்ட் இரண்டையும் மறுபடி இறுக்குங்கள்; புது பெயின்ட் நசுங்கி இடம் கொடுக்கும்.