பழவேற்காட்டில் உழைப்பு நாளுக்கு விலை போடுவது எப்படி? உதவி தேவை

வணக்கம். சூழல் பொருளாதாரம் என் வேலை. பழவேற்காடு ஏரியில், ஆந்திர எல்லையை ஒட்டிய மீனவக் குப்பங்களில் ஜனவரியிலிருந்து வீடு வீடாகக் கணக்கெடுக்கிறேன். முகத்துவாரம் மணல் மூடாமல் காக்க ஒரு குடும்பம் வருஷத்துக்கு எவ்வளவு தரும் என்பது கேள்வி. பெரும்பாலும் வரும் பதில் பூஜ்யம்.

அக்கறை இல்லாமல் இல்லை. வலையில் சிக்கிய பாசியை உதறிக்கொண்டே ஒரு அக்கா கேட்டார்: "தூர்வாருறது கவர்மெண்ட் வேலை தம்பி, நாங்க ஏன் காசு குடுக்கணும்?" இதை எப்படிப் பூஜ்யம் என்று எழுதுவேன்?

அமெரிக்காவின் கடல், வளிமண்டல அரசு அமைப்பான நோவாவின் (NOAA) நிபுணர் குழு 1993-ல் பரிந்துரைத்தபடி, தொகையை நானே சொல்லி 'சரியா, இல்லையா' என்று வாக்கெடுப்பு போலக் கேட்டேன். மாற்றமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் கேட்டாலும் அதே பதில். கடைசியாகப் பணத்தை விட்டுவிட்டு உழைப்பு நாள் கேட்டேன்: அந்த வேலைக்கு வருஷத்துக்கு எத்தனை நாள் உழைப்பு தருவீர்கள் என்று. இரண்டு நாள், மூன்று நாள் என்று தயங்காமல் சொன்னார்கள்.

சிக்கல் இங்கேதான். ஏரியில் 'பாடு' முறை. மீன்பிடி இடம் முறை வைத்துத்தான் கிடைக்கும். பாடு உள்ள நாள் வருமானமும் இல்லாத நாள் வருமானமும் மலையும் மடுவும்.

உழைப்பு நாளை ரூபாயாக மாற்ற எதை எடுப்பது: பாடு நாள் வருமானமா, கரையில் கிடைக்கும் தினக்கூலியா?